ஆகாயத்தாமரை வாரிய வாரம்

6.3.61 திங்கள். காலையிலேயே நல்ல வெயில்.
பார்க் குளத்தில் இறங்கியாச்சு. இடுப்பளவு தண்ணீர். தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை. என்னோடு எட்டுப் பெண்கள், நான் தலைமை! பேத்தி கமலா, "பாட்டி பெரிய மேனேஜர்லா" என்கிறாள்.
ஆள் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். "ஆச்சி, வெள்ளிக்குள்ள துப்பரவாக்க வேணும். இல்லாட்டி நுளம்பு எண்டு சொல்லி துரை ஆக்கள் மண் போட்டு மூடிடுவினம்." நுளம்பு என்றால் கொசு.
மூடுவதா! அடியில் அல்லிக் கிழங்கு உயிரோடு இருக்கிறது. என் காலில் தட்டுப்பட்டது.

7 செவ்வாய். மேகம்.
கீழ்க்கரை மூலை சுத்தம். மீன் துள்ளுகிறது!!
கூட வேலை செய்யும் செல்லம்மா: "அக்கா, தண்ணில மூஞ்சி தெரியுது. எனக்கு இவ்ளோ வயசா?"
"குளம் பொய் சொல்லாதுடி."
வாங்க: சூடம், முதுகுக்குத் தைலம்.
ஆகாயத்தாமரையின் நீலப் பூ கொள்ளை அழகு. வேரோடு நாலு எடுத்து, மஞ்சள் நூலால் கட்டி, செம்பில் வைத்து முருகனுக்கு.

8 புதன்.
சாமிக்கு வைத்தது காலில் படக்கூடாது. வேலைக்குப் போகும்போது கீழ்க்கரைத் தண்ணீரில் விட்டேன். பகலெல்லாம் மேல்கரை. முக்கால் குளம் முடிந்தது.

9 வியாழன். மழை.
சுத்தம் செய்த மூலையில் மறுபடி செடி. கிராணி முகம் சுருங்கிவிட்டது. "பாத்தியளோ, திரும்ப வந்திட்டுது. இனி மூடத்தான் வேணும்."
குனிந்து எடுத்தேன். மஞ்சள் நூல். நான் கட்டியதேதான். பக்கத்தில் யாரோ விட்ட மாலை நார் வேறு. இந்தச் செடி இந்தக் குளத்துக்கு வந்த வழியே இதுதானோ?
வாயை மூடினால் என் மானம் பிழைக்கும், குளம் போகும். சொன்னேன். "தானா முளைக்கல ஐயா. நான் விட்ட சாமிப் பூ."
செல்லம்மா: "தலைவியே நட்டுட்டாங்க!" எல்லாரும் சிரிப்பு.
கிராணி தலையைச் சொறிந்தார். "என்ர மனிசியும் கோயில் மாலையை இங்கதான் விடுறவ. நாளைக்குத் துரையிட்டச் சொல்லிப் பாக்கிறன்."
சாமிப் பூவுக்கென்று கரையில் குழி வெட்டினோம். கால் படாமல் சுற்றி முள் வேலி.

10 வெள்ளி. வெயில்.
கடைசிக் கூடை பத்து மணிக்கு. மண் லாரி வந்து நிற்கிறது. துரை குளத்தைச் சுற்றி நடந்தார். குழியைப் பார்த்தார். கிராணி இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். நாங்கள் தண்ணீரை விட்டு ஏறவில்லை.
பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "ஆச்சி, மண் வேண்டாமாம்!"
தண்ணீரில் நின்றபடியே குலவை போட்டேன். மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். துரை பயந்துபோய்த் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.