உடன் வசிக்கும் பிள்ளைகள்: ஒன்று

மே 12

என் அவசரக்குடுக்கைக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டால் "ம்" என்பாய், அதனால் கேட்கவில்லை. ஃபோனில் பேசினால் நாம் இருவரும் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு வைத்துவிடுகிறோம். அதுதான் கடிதம்.

பிளஸ் டூவில் அறுபத்தொரு சதவீதம் என்று அப்பா சொன்னார். மோசமில்லை. ஆனால் நான் இந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் எட்டு வருடமாக விண்ணப்பங்களைக் கட்டிவைக்கிறவள். எண்பதுக்கு மேல் ஒரு கட்டு, உடனே கூப்பிட்டுவிடுவார்கள். ஐம்பதுக்குக் கீழே ஒரு கட்டு, உடனே "இல்லை" என்று கடிதம் போய்விடும். நடுக்கட்டைத்தான் யாரும் தொடமாட்டார்கள். பாவம், அந்தப் பிள்ளைகள் ஆகஸ்ட் வரை தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன்னை அதில் வைத்துக் கயிறு போட எனக்குக் கை வராது.

இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. புள்ளியியலில் ஓர் இடம் இருக்கிறது. படிவத்தைப் பாதி நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஜூன் ஐந்துக்குள் அனுப்பு. என்னோடு தங்கிப் படிக்கலாம்.

அன்புடன்,
அம்மா

மே 19

அம்மாவுக்கு,

படிவம் வந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பாசிரியரிடம் போனால், "உன் மார்க்குக்கு எது வேணா கிடைக்கும், எதுவும் கிடைக்காமயும் போகும்" என்கிறார். அத்தை தினம் ஒரு படிப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். நேற்று கப்பல், இன்று கண்ணாடிக் கடை. அப்பா வாயே திறப்பதில்லை. லேத் பட்டறையிலிருந்து வந்ததும் பேப்பரில் வரும் கல்லூரி விளம்பரங்களை வெட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

இரண்டு பேருந்து மாறினால் ஒரு நில அளவைக் கல்லூரி இருக்கிறது. தனியாகப் போய்ப் பார்த்தேன். நூலகம் என்று ஒரே ஒரு அலமாரி. ஆனால் வாசலில் ஒரு பெண் மூன்று கால் கருவியோடு நடுத்தெருவில் நின்று, "அண்ணே, லாரியை எடுங்க, தெருவை அளக்குறோம்ல!" என்று கத்தினாள். அவரும் மறுபேச்சில்லாமல் எடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

அது கிடக்கட்டும். படிவத்தில் உன் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. "உடன் வசிக்கும் பிள்ளைகள்: ஒன்று. எட்டு ஆண்டுகளாக." பக்கத்தில் என் பெயர். நான் உன்னோடு வசிக்கிறேனா அம்மா? எந்த அறையில்? ஜன்னல் பக்கம் படுப்பது நீயா, நானா?

இப்படிக்கு,
மகள்

மே 25

கண்ணு,

பொய்தான். வருடாவருடம் குடும்ப விவரம் கேட்பார்கள். வேலைக்கு வந்த புதிதில், இரண்டு மாதத்தில் உன்னை அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் எழுதினேன். நீ "அப்பாகிட்டயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாய். அடுத்த வருடம் அதை அடிக்க மனம் வரவில்லை.

அப்புறம் பக்கத்து மேசைக்காரி "பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள். நானும் பேச ஆரம்பித்துவிட்டேன். நீ தலை வாரிக்கொள்ளப் படுத்தும் பாட்டைச் சொன்னேன். உனக்குக் காய்ச்சல் என்று இரண்டு முறை விடுப்புக்கூட எடுத்திருக்கிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ வந்துவிட்டால் அது பொய்யாக இருக்காது இல்லையா? புள்ளியியல் நல்ல படிப்பு. வந்துவிடு.

அம்மா

மே 30

அம்மா,

கோபத்தோடு படிக்க ஆரம்பித்தேன். காய்ச்சல் விடுப்பு வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது, அத்தை பயந்துபோனாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாகிட்டயே இருக்கேன் என்று சொன்னேன்தான். நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால் வந்திருப்பேன். பள்ளிக்கூடப் பையில் இரண்டு கவுன் எடுத்துக்கூட வைத்திருந்தேன். வா என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், உன் நடுக்கட்டில் என்னையும் போட்டுவிட்டாய்.

இப்போது கேட்கிறாய், சீட்டோடு சேர்த்துக் கேட்கிறாய். எனக்குத் தெருவை அளக்க ஆசை. உன்னிடம் வரவும் ஆசை. இந்தப் படிப்பு வேண்டாம் என்றால், நீயே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். நீயே சொல்.

உன் மகள்

ஜூன் 3

என் அவசரக்குடுக்கைக்கு,

படிவத்தை அனுப்பாதே. இன்று காலை கண்காணிப்பாளரிடம் போய் உண்மையைச் சொல்லி, அலுவலகக் குடும்ப விவரத்தில் அந்த வரியை அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அநேகமாகத் தபால் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பக்கத்து மேசைக்காரி மதியம் என்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். கிளம்பும்போது, "அப்போ அந்தக் காய்ச்சல்?" என்று மட்டும் கேட்டாள்.

உடன் வசிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஒதுக்கீடு, இனி இந்தக் கல்லூரியில் உனக்கு இடம் இல்லை. நீ போய்த் தெருவை அள. லாரிக்காரர்களைத் திட்டு.

அன்று இரண்டாவது தடவை கேட்காமல் விட்டேனே, அதை இப்போது கேட்கிறேன். வருகிறாயா? படிக்க இல்லை, சும்மா.

அம்மா

ஜூன் 9

அம்மா,

நேற்று நில அளவைக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டேன். அப்பா கூட வந்தார். அந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "கீல் சரியில்ல, நான் வந்து மாத்தித் தரேன்" என்றார். அவ்வளவுதான், அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

கல்லூரி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. சனிக்கிழமை காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், சொல்லிவிட்டேன்.

நீ என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. பேருந்து நிலையத்தில் சின்னப் பெண்ணைத் தேடிக்கொண்டு நிற்காதே. நான் இப்போது உன்னைவிட உயரம் என்று அப்பா சொல்கிறார்.

உன்
அவசரக்குடுக்கை