குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது

4 மார்ச் 2024, திங்கள்

இன்று மேலாளர்களுக்கு மூன்றாவது வகுப்பு: பத்திரிகைக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவது எப்படி. பதினொரு பேர் வந்தார்கள், நான்கு பேர் விழித்திருந்தார்கள். 'வருந்துகிறோம்' சொல்லலாம், 'மன்னியுங்கள்' கூடாது, சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றேன். 'தெரியாது' என்ற வார்த்தையே வேண்டாம். 'விவரங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். ரப்பர் கையுறை செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

முடிந்ததும் யுகேந்திரன் எட்டிப் பார்த்தார். "மாது, அந்த ஒரு மணி நேர விஷயத்த நல்லா மண்டையில ஏத்துலா." எது நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் நம் அறிக்கை வெளியே போய்விட வேண்டும், அதுதான் என் பாஸுக்கு வேதம். தீ, விபத்து, வாயுக் கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதிய அறிக்கை என்னிடம் இருக்கிறது. பெயரையும் நேரத்தையும் நிரப்பினால் போதும்.

7 மார்ச், வியாழன்

காம்பார் ஊருக்கு அப்பால் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் கொதிகலன் குழாய் வெடித்துவிட்டது. காலை 9.40. பத்துமலை, வயது 46. ஆஸ்பத்திரியில் 11 மணிக்கு உயிர் போயிற்று. அதிலிருந்து முப்பத்தைந்து நிமிடத்தில், 11.35க்கு, எல்லாப் பத்திரிகைகளுக்கும் என் அறிக்கை போய்விட்டது. பெயர், வயது, ஊர், ஆழ்ந்த வருத்தம். கடைசியில் எப்போதும் இருக்கும் வரி: குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது.

யுகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டினார்.

8 மார்ச், வெள்ளி

யாரும் தெரிவிக்கவில்லை.

ஈப்போவிலிருக்கும் எங்கள் ஆபீஸ் சொல்லியிருக்கும் என்று தொழிற்சாலை நினைத்தது. தொழிற்சாலை சொல்லியிருக்கும் என்று ஆபீஸ் நினைத்தது. நான்? நான் நினைக்கக்கூட இல்லை. அந்த வரி ஏற்கெனவே அங்கே இருந்தது. நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

பத்துமலையின் மனைவி பெயர் சாந்தினி. பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதாவது என் அறிக்கையைக் காட்டி. குழாய் வெடித்த பிறகு பத்துமலை ஒரு மணி இருபது நிமிடம் உயிரோடு இருந்திருக்கிறார். அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம்.

11 மார்ச், திங்கள்

தமிழ்ப் பத்திரிகையிலிருந்து லத்தீபா கூப்பிட்டாள். "குடும்பத்துக்கு யாரு சொன்னா, எப்ப சொன்னா மாதுமை? அந்தப் பொம்பள வேற மாதிரி சொல்லுது." விவரங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம் என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

யுகேந்திரனிடம் போனேன். "போன் அடிச்சோம், லைன் கிடைக்கலன்னு போடு" என்றார்.

"அடிக்கவே இல்லையே பாஸ்."

"அவங்க குடியிருக்கிற தோட்டத்துல லைன் எங்கலா கிடைக்குது? இல்லன்னு யாரு சொல்லப் போறா?"

நான்தான் எழுதினேன். 'பலமுறை தொடர்புகொள்ள முயற்சி செய்யப்பட்டது. தொடர்பு கிடைக்கவில்லை.' யார் முயன்றது என்று எங்கேயும் இல்லை. நல்ல ஆங்கிலம். இப்படி எழுதத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

13 மார்ச், புதன்

எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. தமிழிலும். ஒரு வார்த்தை குறையவில்லை.

22 மார்ச், வெள்ளி

பத்துமலையின் கருமாதி. கம்பெனி சார்பில் பழக்கூடையோடு என்னை அனுப்பினார்கள். "பொம்பள போனா நல்லாருக்கும்" என்றார் யுகேந்திரன்.

பழைய ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. தொழிலாளர் லயத்தில் ஆறு வீடுகள்தான் மிச்சம். பத்துமலையின் அம்மா இருளாயி யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். எங்கள் தாத்தா கோலா கங்சார் பக்கம் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தவர் என்றேன். "கிராணி வூட்டு ஆளா!" என்று எனக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எனக்கு உட்காரக் கூசியது.

பேப்பரில் வந்த நாளிலிருந்து அவர் மருமகளோடு பேசவில்லையாம். சாந்தினி காபி கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேப்பர்லயே போட்டுட்டாங்கல்ல? கிராணிமாருங்க எழுதுனா தப்பா இருக்குமா? இவ போனை ஜன்னல்ல வச்சிருந்தா எம்புள்ளய உசுரோட பாத்திருப்பேன்."

அந்த வீட்டில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் போனுக்கு லைன் கிடைக்கும்.

கிளம்பும்போது பின்கட்டில் சாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது. "அக்கா, எப்பவும் ஜன்னல்லதான் வைப்பேன். அன்னிக்கு அடுப்பாண்ட வச்சிட்டேன். ஆபீஸ்லேர்ந்து எத்தன வாட்டி அடிச்சாங்க? நாலா, அஞ்சா? தெரிஞ்சா போதும்க்கா."

'யாரும் அடிக்கலம்மா.' இரண்டு வார்த்தை. வரவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

23 மார்ச், சனி

சீ. நான் ஒரு மனுஷியா?

25 மார்ச், திங்கள்

திருத்தம் வெளியிடலாம் என்று யுகேந்திரனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ரெண்டு அறிக்கையிலயும் கீழ யாரு பேரு இருக்கு மாது?" என்று மட்டும் கேட்டார். என் பேர்தான்.

மத்தியானம் லத்தீபாவின் ஆபீஸுக்குப் போனேன். நோன்பில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். அங்கேயே ஒரு தாளில் தமிழில் எழுதினேன். 'அன்று சாந்தினிக்கு யாரும் போன் செய்யவில்லை. செய்ததாக எழுதியது நான். அது பொய்.' ஆங்கிலத்தில் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கம் எழுதுகிறவளுக்கு இந்த மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. 'மன்னியுங்கள்' என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

லத்தீபா படித்துவிட்டு, "வேல போயிரும்லா" என்றாள்.

"தெரியும்."

"வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் வரும்."

"அதுவும் தெரியும். போடு."

இதைத் தைரியம் என்று பிற்பாடு நானே நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது வாய் திறக்கவில்லை. அதனால்தான் பத்திரிகைக்கு ஓடினேன்.

27 மார்ச், புதன்

ஏழாம் பக்கம், கீழ் மூலை. பத்தரை மணிக்கு மடிக்கணினியையும் ஊழியர் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். 'முன்னாள் ஊழியரின் தனிப்பட்ட கருத்து' என்று பதினொரு மணிக்கே கம்பெனி அறிக்கை விட்டுவிட்டது. அந்த வாசகமும் நான் எழுதி வைத்ததுதான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

30 மார்ச், சனி

வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. காலையில் ஆபீஸுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு கிளம்பி, பாசாரில் கீரை வாங்கித் திரும்பினேன். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது என்பதே மறந்துபோயிருந்தது.

2 ஏப்ரல், செவ்வாய்

சாந்தினி குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, அத்த அந்தப் பேப்பர வெட்டி சாமி மேடைக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க. நேத்து அவங்களே சோறு போட்டு என்னைய சாப்பிடக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் அழுதுட்டோம்." எங்கோ ஒரு மோட்டார்சைக்கிள் போகிறது. "கருமாதிக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்க. எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சீங்க. அப்பவும் சொல்லல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்கக்கா."

மூன்று முறை கேட்டேன். பதிலாக நீளமாக ஏதேதோ எழுதி அழித்தேன். கடைசியில் 'சரிம்மா' என்று மட்டும் அனுப்பினேன்.