இருபத்திரண்டு பேர் பங்கிட்ட மாத்திரை

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு, பஸ் டிப்போ டயர் செக்‌ஷனில் இருந்த பதினான்காம் நம்பர்க்காரன் வணக்கத்தோடு சொல்லிக்கொள்வது.

ஆற்றுப்பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து, ஆறு மாதம் எல்லாப் பஸ்ஸும் சுற்றிக்கொண்டு போனதே, அந்த வருஷம். கதவு தானாகத் திறக்கிற பஸ் எங்கள் டிப்போவுக்குள் முதன்முதலாக வந்ததும் அப்போதுதான். அதற்கு அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். பஸ் கழுவுகிற கொட்டகையில் தண்ணீர் புகையாய்ப் பறந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளைக் கோட்டோடு நடந்து வந்தீர்கள். கால் தரையில் பட்டதா என்று கேட்டால் இன்றைக்கும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

நான் நலம். சர்க்கரையும் நலம், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுப் போவதாக இல்லை. எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் டயர் மேல் இருக்கும் நம்பர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது வேறொரு கை. யாருடையது என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்றைக்குச் சர்க்கரை இருந்த இருபத்திரண்டு பேரை ஆபீஸ் மாடியில் உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னீர்கள். பழைய மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம், இது அதோடு கூடச் சாப்பிடுகிற புது மருந்து. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியாது, வருஷம் முடிந்துதான் உறையைப் பிரிப்பீர்கள் என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினோம். நான் கைநாட்டு வைத்தேன். மாதத்துக்கு முப்பது மாத்திரை, ஆளுக்கொரு நம்பர் போட்ட டப்பாவில்; என் நம்பர் பதினான்கு.

மத்தியானம், கழித்துப்போட்ட பழைய பஸ்ஸுக்குள் கூடினோம். ரிவர்ஸ் அண்ணன்தான் ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பஸ்ஸைப் பின்னால் எடுத்துச் சுவரை இடித்த டிரைவர், ஞாபகம் இருக்கும். "ஒரே ஷிஃப்ட்டு, ஒரே டீ. உனக்கு மருந்து, எனக்கு மாவா? என்னடா நியாயம் இது?" என்றார். பெயிண்டர் விடவில்லை. "உங்களுக்கு மாவுதாண்ணே, மருந்து குடுத்தா அதையும் ரிவர்ஸ்ல எடுப்பீங்க" என்றான்.

அப்போது எங்களில் படித்தவரான, வருகைப் பதிவேடு எழுதுகிற டைம் ஆபீஸம்மா வழி சொன்னார். அவருக்கும் சர்க்கரை, நம்பர் மூன்று. "எதுக்குச் சண்டை? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுங்க. ஆளுக்கு முப்பது எண்ணிக்கலாம். எல்லாருக்கும் பாதி மருந்தாவது போகுமில்ல?"

மாதாமாதம் டப்பா வந்ததும் ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டினோம். கையை விட்டுக் கலக்கினோம். கூழாங்கல் உருளும் சத்தம் வரும். முப்பது முப்பதாக அவரவர் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டோம். நீங்கள் சரிபார்க்க வந்தபோது ஒன்றுகூடக் குறையவில்லை. "உங்கள மாதிரி ஒழுங்கா சாப்பிடுறவங்கள நான் பாத்ததே இல்ல" என்று மெச்சினீர்கள். உங்களை ஏமாற்றுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, டாக்டரம்மா. ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

வருஷம் முடிந்து உறையைப் பிரித்தீர்கள். மாவு வாங்கியவர்களுக்கும் மருந்து வாங்கியவர்களுக்கும் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஒரே அளவு குறைந்திருக்கிறது என்றீர்கள். எல்லோருக்கும் சமமாகக் கிடைத்துவிட்டதே என்று நாங்கள் கை தட்டினோம். "அப்ப என் மருந்தும் மாவுதான்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நாங்கள் அப்போதும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து ரிவர்ஸ் அண்ணனின் வலது காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். மிச்சமிருந்த காலைப் பிடித்துக்கொண்டு, "என் மருந்து நல்லா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது, மன்னிச்சிருங்கண்ணே" என்றீர்கள். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. மருந்து நல்ல மருந்தாக இருந்து, அண்ணன் டப்பாவில் வந்தது அந்த மருந்தாகவே இருந்திருந்தால், அவர் காலை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம் என்று அர்த்தம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

போன வாரம் இங்கே ரத்தம் எடுத்த சின்ன டாக்டர் உங்கள் பெயர் இருந்த என் பழைய அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் ஆராய்ச்சியையே விட்டுவிட்டீர்களாம். எங்கோ தூரத்தில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் சீட்டு எழுதுகிறீர்களாம்.

அன்றிலிருந்து மத்தியானம் கண்ணயர்ந்தால் அந்தப் பழைய பஸ் கிளம்பிவிடுகிறது. சக்கரம் கிடையாது, டயர்க்காரனான எனக்கே அது பெரிதாகப் படவில்லை. இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். டின் குலுங்குகிறது. ரிவர்ஸ் அண்ணன் இரண்டு காலோடு, பின்பக்கமாகவே ஓட்டுகிறார். தண்ணீர்ப் புகைக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். கதவு தானாகத் திறக்கிறது. நீங்கள் ஏறவில்லை. கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை.

அதனால் கடிதத்தில் கூப்பிடுகிறேன். நீங்கள் தோற்கவில்லை, அம்மா. உங்கள் மருந்துக்குத் தோற்கவோ ஜெயிக்கவோ நாங்கள் இடமே கொடுக்கவில்லை. பழைய தாள்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மறுபடி செய்தால், என் கையை நீட்டுகிறேன். இந்தத் தடவை என் டப்பா எனக்கு மட்டும். ஒன்றே ஒன்று: அண்ணனுடைய ஒன்பதாம் நம்பர் டப்பாவில் இருந்தது எது என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். திட்டுவதானால் சீக்கிரம் திட்டுங்கள். வாங்கிக்கொள்ள ஆள் குறைந்துவிட்டது. அண்ணன் போய்ப் பத்தொன்பது வருஷம். பெயிண்டர் போன மழைக்குப் போனான். இருபத்திரண்டில் என்னைத் தவிர மிச்சம் ஒருவர்தான், இதை எழுதுகிற கை அவருடையது. "எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுங்க" என்கிற வரி வந்தபோது பேனாவை வைத்துவிட்டு, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தானே எடுத்து, ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.

இப்படிக்கு,
பதினான்காம் நம்பர், கைநாட்டு.
எழுதியது, மூன்றாம் நம்பர், டைம் ஆபீஸம்மா.