சலவைக் கடையில் காணாமல்போன உரிமம்

அன்பு மகள் வாலுவுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, மூன்று சலவை இயந்திரங்கள் எல்லோரும் சௌக்கியம், இரண்டாவது இயந்திரத்துக்கு மட்டும் இடுப்பு கொஞ்சம் ஆடுகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இப்போது நான் சொல்லப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவர்கூட நம்பமாட்டார் என்று இஸ்திரிப் பெட்டிமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன், பெட்டி ஆறித்தான் இருந்தது.

துணிகள் ஆள் மாறிப் போகாமலிருக்க நீ எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்த மென்பொருளை ஒரு பெரிய நிறுவனம் சும்மா எடுத்து வேறு பெயரில் விற்கிறது, நீயும் உன் தோழியும் அலுவலக வாடகைக்கே திணறுகிறீர்கள், இனி எழுதுவதை யாருக்கும் காட்டாமல் பூட்டிவிடலாமா, வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மத்தியான வெயிலில், ஆவிக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்தேன். கொடியில் கிடந்த படுக்கை விரிப்புகளெல்லாம் மெல்ல எழுந்து ஜன்னல் வழியாக மிதந்து போயின, ஒவ்வொன்றிலும் உன் நிரல் வரிவரியாக எழுதியிருந்தது. கடல் தாண்டி எண்ணூறு ஊர்களில் இறங்கின. ஓரிடத்தில் ஒருவர் கிழிசலைத் தைத்தார், இன்னோரிடத்தில் ஒருத்தி ஓரத்தில் கூடுதலாக ஒரு பை வைத்தாள், திரும்பி வந்தபோது ஒவ்வொரு விரிப்பும் நம் தெருவையே மூடுகிற அகலம். உன் சித்தி, "வாயத் திறந்துட்டுத் தூங்காதீங்க, ஆவி உள்ள போகுது" என்றாள்.

கண்ணைத் திறந்தால் அதே ஆவிக்குள்ளிருந்து ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு மேலாளர் மிதந்து வருகிறார். போன மாதம் அவருக்கு உன் மென்பொருளின் பிரதி ஒன்று கொடுத்திருந்தேன். கூடவே நீ வைத்திருந்த உரிமப் பக்கம் புதுச் சட்டைக்குள் செருகி வரும் வெற்று அட்டைபோலத் தோன்றியதால் அதை நீக்கிவிட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரை எடுத்து என் பெயரைப் போட்டேன், ஒரு சின்ன ஆசை. அவர், "உரிமம் எங்கங்க? அது இல்லாம ஓசியில குடுத்தாலும் நாங்க தொட முடியாது" என்றார். நான் சக்கரவர்த்தி மாதிரி எழுந்து நின்று, உன் உரிமப் பக்கத்தில் படித்ததை, "யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். மாத்தினதத் திறந்து காட்டணும், எழுதினவ பேர அழிக்கக்கூடாது" என்று முழங்கினேன். அவர், "அப்ப நீங்க பண்ணினது?" என்றார். உன் சித்தி இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஒப்புக்கொண்டு, உரிமப் பக்கத்தையும் உன் பெயரையும் பழையபடி வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெரிய நிறுவனமும் என்னை மாதிரிதான் செய்திருக்கிறதா என்று முதலில் பார், செய்திருந்தால் உன் உரிமத்தைக் காட்டியே கேள்.

மேலாளர் இதற்கு முன் வாங்கியிருந்த பூட்டிய மென்பொருளை விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்களாம். "ரெண்டு வாரம் எந்த விரிப்பு எந்த வார்டுதுன்னே தெரியலைங்க. திறந்ததுதான் வேணும். ஆனா காலையில அது நின்னுட்டா ஃபோன எடுத்துச் சரி பண்ண ஆள் வேணும், அதுக்கு வருஷ ஒப்பந்தம் போடறோம்" என்றார். நீ பூட்டினால் அவர் வரமாட்டார். பூட்டாவிட்டால் பராமரிப்பு வேலைக்கு இவரைப்போல இன்னும் நாலு பேர் வரக்கூடும். உன் தோழியோடு உட்கார்ந்து பேசு, முடிவு உங்களுடையது.

எதைச் செய்தாலும் நன்றாக வருவாய், தீர்க்காயுசாக இரு. கண்ணாடியின் பவர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள். நான் எண்ணூறு ஊர் என்றது புளுகு, தெருவை மூடும் விரிப்பு புளுகு, மேலாளர் மிதந்துகூட வரவில்லை, படியேறித்தான் வந்தார். ஆனால் அவர் தன் பக்கம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாள் மட்டும் நிஜம், இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்ட
சித்தப்பா