உப்பில்லாத மீன்குழம்பு

அத்தை, மாமா இருவருக்கும் வணக்கம். மாமா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் லிஃப்ட் மாட்டுகிற கட்டடத்துக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. இந்த ஊருக்கு வந்தால் அங்கே மீன்குழம்பு சாப்பிட்டே ஆகவேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்கள் நேற்று இழுத்துப்போனார்கள். நான் தட்டை வழித்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்றேன். சமைக்கிற அக்கா வாயில் கைவைத்தார்.

"உப்பு போட மறந்துட்டேன்னு கடையே என்னை வறுத்தெடுக்குது. நீ நல்லாருக்குங்கிறே! உன்னைக் கட்டிக்கிட்டவ குடுத்துவச்சவ தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நானும் சிரித்துவைத்தேன்.

உங்கள் மகள் கண்ணை மூடியதிலிருந்து எதிலும் ருசி தெரியவில்லை, அத்தை. இனி நானே சமைத்துப் பார்க்கிறேன். அவள் வைத்த குழம்பு உங்கள் பக்குவம்தானே? ஒரு ஆளுக்கு மட்டும் என்றால் எவ்வளவு உப்பு என்று எழுதுங்கள்.

கீழே கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மருமகன்