மணல் மூட்டைக் கதவு

போடிநாயக்கனூர்
12-8-1957

அன்பு மகன் சுருளிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மருமகளும் பம்பாய் மழையில் காய்ச்சல் தலைவலி எதுவும் வராமல் இருக்கிறீர்களா என்று எழுது. மனசளவில் சுகமா என்று நீ கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவேன். இங்கே ஆடிக் காற்று பேயாய் அடிக்கிறது, வீட்டில் அதைவிட மோசம்.

உன் அப்பா போன மாதம் எழுதிய கடிதத்தில், ஜீப்பு கழுவுகிற ஷெட்டில் கதவு விழுந்து தவசி மாமாவுக்குக் கையில் லேசான அடி, நீ நல்ல கதவாக விசாரித்து எழுது என்று மட்டும் எழுதியிருப்பார். லேசான அடி இல்லையப்பா. வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. மதுரையில் கட்டுப் போட்டார்கள், இனி அந்தக் கையால் குடம்கூடத் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நீ பம்பாய் போன பிறகு கட்டிய ஷெட் என்பதால் உனக்குத் தெரியாது. போடிமெட்டிலிருந்து சேறும் சகதியுமாக இறங்கி வரும் எஸ்டேட் ஜீப்புகள் உள்ளே வந்து நின்றால் போதும், ஒரு வால்வைத் திருப்பினால் மேலேயும் பக்கத்திலேயும் இருக்கிற குழாய்களிலிருந்து தண்ணீர் தானாகப் பீச்சும். ஆட்டோமேட்டிக் என்று போர்டே எழுதி வைத்தார் உன் அப்பா. காற்றில் அந்தத் தண்ணீர் பறந்து போய்ப் பக்கத்துக் களத்தில் காய்கிற காப்பிக்கொட்டையை நனைத்தது. தினமும் சண்டை. அதனால்தான் கதவு போட்டார். தெருவோ குறுகல், இரட்டைக் கதவு வைத்தால் திறக்க இடமில்லை. மேலே தூக்குகிற கதவாகச் செய்து, உத்தரத்தில் கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையில் கதவின் எடைக்குச் சரியாக ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். கதவை எந்த உயரத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும். இரும்புக் குண்டு தொங்கவிடுங்கள் என்று ஆசாரி சொன்னதை இவர் கேட்கவில்லை. ஏலக்காய் மண்டியில் இருபது வருஷம் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொன்ன மனுஷருக்குச் சாக்கைவிட வேறு எதில் நம்பிக்கை வரும்! ஈரம் பட்ட சாக்கு என்ன ஆகும் என்று ஊருக்கே சொல்லுவார், தண்ணீர் பீச்சுகிற இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

கதவு விழுந்தபோது மூட்டை மேலே பாய்ந்து உத்தரத்தில் மோதிக் கிழிந்து மணலெல்லாம் கொட்டியது. அதனால் மூட்டையில் கோளாறு என்று உன் அப்பாவுக்குத் தோன்றவில்லை. கதவைத் தூக்கி இறக்குகிற வேலை பார்த்த தவசி அண்ணன்மேல் பழியைப் போட்டுவிட்டார். "பாதி தூக்கிட்டு ஓடியிருப்பான், எல்லாத்துலயும் அவசரம்"னு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். அண்ணன் கட்டுப் போட்ட கையோடு வந்து, "முழுசாத்தான் ஏத்துனேன் மச்சான், ஆத்தா மேல சத்தியமா"னு சொல்லியும் முகம் கொடுக்கவில்லை. அதற்கு முன் பத்து நாளாகக் கதவு கனக்குது கனக்குது என்று அண்ணன் சொன்னபோதும் உன் அப்பா, "ஒனக்கு வயசாகுது மாப்ளே"னு கேலிதான் செய்தார். அண்ணன் சம்சாரம் செல்லக்கிளி அத்தை, உன் அப்பாவின் கூடப்பிறந்தவள், வாசலில் நின்று அழுதுவிட்டு சிலமலைக்குப் போனவள்தான், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நீ அனுப்பிய படங்களை நானும் பார்த்தேன். ஸ்பிரிங் கதவு வேண்டாம், நாள் பூராவும் தண்ணீரில் நனைந்து துருப்பிடித்து ஒரு நாள் அறுந்துவிடும். பொத்தானை அமுக்கினால் மின்சாரத்தில் ஏறுகிற கதவு உன் அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் காற்றில் இங்கே கரண்டு எத்தனை முறை போகிறது என்று உனக்குத் தெரியும், ஜீப்பு உள்ளே மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது. சங்கிலியை இழுத்தால் பல்சக்கரத்தில் ஏறுகிற கதவு ஒன்று போட்டிருக்கிறாயே, கையை விட்டாலும் இறங்காது என்று எழுதியிருக்கிறாயே, அது நிஜமா என்று நீயே நேரில் போய், இழுத்து, கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுது. விற்கிறவன் சொல்லை நம்பாதே.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொன்னதில்லை. ஷெட்டைத் தினமும் காலையில் கூட்டுவது நான்தான். கதவு விழுவதற்கு முன் பத்து நாளாக மூட்டைக்குக் கீழே கால் முறம், அரை முறம் என்று மணல் கிடந்தது. ஜீப்புச் சக்கரத்தில் வருவது சிவப்பு மண். இது வெள்ளை ஆற்று மணல். பார்த்தேன், தெரிந்தது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பாத்திரம் துலக்க நல்ல மணல் என்று சந்தோஷப்பட்டு டின்னில் அள்ளி வைத்தேன். ஈரத்தில் சாக்கு இற்று, மணல் ஒழுகி, மூட்டை எடை குறைந்துதான் கதவு விழுந்தது என்று அன்றே எனக்கு விளங்கிவிட்டது. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதமாக அந்த மணலில்தான் பாத்திரம் துலக்குகிறேன் சுருளி, கை கூசுகிறது.

இவ்வளவும் காலையில் எழுதியது. எழுதி முடித்ததும் உட்கார முடியவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு போய் உன் அப்பா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். மணலில் கையை விட்டு அளைந்துகொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சிலமலைக்கு பஸ்சு ஏறிவிட்டார். இப்போதுதான் திரும்பினார். இவர் தவசி அண்ணனின் காலைத் தொடப் போனாராம், அண்ணன் விடவில்லையாம். "சோலிக்கு வர்றேன் மச்சான், ஆனா ஒத்தக் கைதான் வரும்"னு சொன்னாராம். அதைச் சொல்லும்போது உன் அப்பா அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை.

மருமகளை வயிற்றைக் காயப் போடாமல் வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். கதவு விஷயத்தை மறந்துவிடாதே. நேரில் போய்ச் சங்கிலியை இழுத்துப் பார்க்கும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் இழுத்துப் பார்.

இப்படிக்கு
உன் அம்மா
அய்யம்மாள்