குண்டான்களில் ஒரு மின்முரசு

தை 18, ஞாயிறு

கடும் பனி. பழவேற்காட்டு ஏரியும் கரையும் ஒன்றாய்த் தெரிகின்றன. பூநாரை பார்க்க வந்த நகரத்தார் கூட்டம். பறவையை விட்டுவிட்டுத் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: காரிக்கிழமை (ஊரார் நாவில் சனி) மேடைக்கு உரை (ஏரிவாய் மணலால் தூர்ந்தது பற்றி). தொண்டைக்கு அதிமதுரம். கயலின் மூடத்தனத்தை நிறுத்துதல்.

மூடத்தனம் இது: என் மகள் கயல்விழி முரசு முழக்கப் போகிறாளாம். தமிழ்ப் பறையோ தவிலோ அன்று, மேலைநாட்டு முரசு. பொன்னேரி இன்னிசைக் குழுவில் முழக்கியவன் தன் முரசையும் தூக்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்டான். அடுத்த ஞாயிறு புதிய ஆள் தேர்வு. சொந்தக் கருவியோடு வர வேண்டுமாம். எடுத்துக்கொண்டால் நண்டு உரிக்கும் கொட்டகைக்கு முழுக்கு. நான்கு ஆண்டாக உரித்த அவள் விரல்கள், நுனியெல்லாம் வெட்டு. அதை நான் மறுக்கவில்லை. அதற்காக முரசா?

ஊர்த் தேவாலயத்தில் தோழி ஒருத்தியின் முரசில் கற்றாள். தோழி மணமாகிப் போனாள், முரசும் உடன் போயிற்று. இப்போது புதிதாக மின்முரசு. ஏனெனில் எங்கள் சுவர்தான் வசந்தா வீட்டுச் சுவர்; அவள் மகள் பிள்ளை பெற்று இருபது நாள். மின்முரசு அடிப்பவர் காதுக்கு மட்டும் கேட்குமாம். பிறர் கேளாத முரசு! இதைவிட ஆளில்லாத் திடலில் பேசலாம். பேசியும் இருக்கிறேன்.

தை 19, திங்கள்

எளாவூர். சோதனைச் சாவடிக்கு அருகே ஒருவன் பழைய மின்முரசின் பெட்டியை மட்டும் விற்கிறான். அடிகளை ஓசையாக மாற்றும் மூளைப்பெட்டி. முழுத்தொகுதி வாங்க எங்களால் ஆகாது. இது கயலின் சேமிப்புக்குள் அடங்கிற்று.

விற்பவன் இருபத்தைந்து அகவை இளைஞன். வாய் நிறையப் பாக்கு. பெட்டி மீது ஆறு கீறல், ஒரு திருகு காணோம்.

"கண்டிசன் சூப்பரு அக்கா. நைனா வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு மாசம் அட்ச்சேன், பேஜாராப் பூட்ச்சு."

இரண்டு திங்களில் சலித்துப் போனதாம்! உழைப்பின் உயர்வு பற்றிச் சிறிது எடுத்துரைத்தேன். சிறிது என்றால் கால் மணி. இடையில் அவன் கயலைப் பார்த்து, "அம்மா எப்பவுமே இப்டித்தானா?"

"இன்னிக்கு கம்மி," என்றாள் என் மகள்.

காலால் மிதித்து முழக்கும் மிதிகட்டை ஒன்றையும் அவனே கொடுத்தான். நான் பேச்சை நிறுத்தினால் போதும் என்று கொடுத்தது போல இருந்தது.

தை 20, செவ்வாய்

வாடைக் காற்று. என் கணவர் ஏழுமலை ஏரிக்கு மீன்பிடிக்கப் போகவில்லை. காலையிலேயே முற்றத்தில் கடை விரித்தாயிற்று.

பொருள்கள்:
என் சமையலறைக் குண்டான் நான்கு (கேட்கவில்லை, எடுத்தார்கள்).
நெகிழிக் குழாய், நிற்கும் சட்டத்துக்கு.
பழைய செருப்பு, சரக்குந்தின் சேறுதடுப்புத் தொய்வம் (கயல் நாவில் லாரி ரப்பர்). முரசோடு சேர்ந்த தட்டத் தாளம் (சிம்பல் என்கிறாள்) இவற்றிலிருந்தாம்.
அதிர்வுத் தகடுகள், காசளவு வட்டம். கயல் பொன்னேரியில் வாங்கியவை.
மெத்தைப் பஞ்சு.
இறால் வலை, புதியது, சன்னக் கண்.

குண்டானின் வாயில் தோலுக்கு மாறாக வலை. அடியில் பஞ்சு, பஞ்சின் கீழ்த் தகடு, தகட்டிலிருந்து கம்பி, கம்பி மூளைப்பெட்டிக்கு. வலையை இரண்டாக மடித்துக் கட்டினார் ஏழுமலை. ஊசியை ஓட்டும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமிதம் என் எந்த உரைக்கும் தெரிந்ததில்லை. கயல் ஈயப்பற்று வைத்தாள். புகை. இருமினேன். மேடைத் தொண்டை எனக்கு. எவருக்கும் அக்கறை இல்லை.

வசந்தா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, சோறாக்குற குண்டானுக்கு வல கட்டிக்கிறீங்கோ? சோறு ஓடிப் பூடுமா?"

அவளுக்கெல்லாம் என் சொல் மிகை.

தை 22, வியாழன்

இரு நாளாகத் தப்புத் தப்பென்று ஓசை. கருவாட்டைக் கல்லில் அடிப்பது போல. அவள் காதில் செவிப்பொறி. உள்ளே என்ன பேரிசையோ, வெளியே கருவாடு. இதற்குப் பெயர் கலை.

உரை இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் "தூர்ந்தது ஏரிவாய் மட்டுமோ" என்று தொடங்கும்போது மீண்டும் அந்தத் தப்புத் தப்பு. எழுதுகோல் ஓடவில்லை.

கயல் உண்ணவில்லை. மணிக்கட்டில் எண்ணெய் தேய்க்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

தை 23, வெள்ளி

கொட்டகையிலிருந்து வந்தவள் செவிப்பொறியை மாட்டி, சிறிது அடித்து, கழற்றி எறிந்தாள்.

"நான் போவல. அவங்களுக்குப் போன் பண்ணி சொல்லிட்றேன்."

ஏழுமலை: "இன்னாம்மா ஆச்சு? பொட்டி கெட்ட பொட்டியா?"

"பொட்டிலாம் நல்லாத்தான் கீது நைனா. என் கை தடுக்குது. ஒன்னு அட்ச்சா ரெண்டா வுழுது. நண்டு உரிச்சு உரிச்சு கை போயிட்ச்சு."

அழுதாள். அழுகை எனக்குப் பிடிப்பதில்லை. மேடையில் அழுபவரைக் கண்டால் எழுந்து போய்விடுவேன். எழுந்தேன். போகவில்லை. அந்தச் செவிப்பொறியை எடுத்து மாட்டினேன், இது வெறும் இரைச்சல் என்று மெய்ப்பிக்கவே.

"அடி," என்றேன்.

அடித்தாள். இடது குண்டானில் ஓர் அடி, காதில் இரண்டு. மீண்டும். நான் அவள் கையைப் பார்த்தேன். குச்சி விழுவது ஒரே முறை, தெளிவாக, தயங்காமல். நாற்பது ஆண்டாக அசை பிரித்து வந்த காது இது. நேரசைக்குரிய இடத்தில் நிரையசை விழுந்தால் எனக்குத் தெரியாதா? பிழை கையில் இல்லை. குச்சி எழுந்த பிறகும் வலை ஒருமுறை தானாகத் துள்ளிற்று. அழுத்திப் பார்த்தேன். தொளதொளவென்று.

ஏழுமலையை அழைத்தேன். "ஏன் இப்படித் தொய்வாகக் கட்டினீர்?"

"வலன்னா தொய்வு வுடணும். இழுத்துக் கட்னா மீனு மோதிட்டுத் திரும்பிப் பூடும். முப்பது வருசமா கட்றேன்."

"இதுல மீனா புடிக்கப் போறோம், நைனா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் கயல்.

அவர் வலையைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். ஊசியைத் தேடப் போனார். முப்பது ஆண்டுத் தொழிலறிவு! இவரிடம்தான் ஊர்ப் பிள்ளைகள் வலைகட்டக் கற்கிறார்கள்.

தை 24, காரி

நான்கு குண்டானும் அவிழ்த்து மறுகட்டு. இவர் கை தானாகவே தொய்வு விடுகிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் நான் அருகில் நின்று "இழுத்துக் கட்டும்" என்றேன். மூன்றாம் குண்டானில், "நீயே வந்து கட்டேன்டி," என்றார். அவிழ்த்த வலையை என் மீது போட்டார். மாலைக்குள் முரசு ஒன்றுக்கு ஒன்றே சொல்லிற்று. கயல் இரவு உணவு இருமுறை கேட்டாள்.

இடையில் மேடை. கேட்டவர் பதினொருவர், அவருள் மூவர் ஒலிபெருக்கிக்காரர். தலைவர் உரை முழுதும் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்தார். இழிவு. மூன்றாம் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

தை 25, ஞாயிறு

வெயில். பொன்னேரிப் பேருந்து. இரு சாக்கில் குண்டான்கள், தோளில் குழாய்கள். ஏழுமலை ஏரிக்குப் போனார். பார்க்கத் துணிவில்லை என்று சொல்லாமல் காற்று நன்றாக இருக்கிறது என்றார்.

திருமணக் கூடத்தின் பின்னறை. நான்கு ஆடவர், ஒரு பழைய ஒலிபெருக்கி. குழுத்தலைவர் சாக்கைத் திறந்ததும் சிரித்தார்.

"இன்னாமா இது, பந்திக்கு வந்துக்கிறியா? அட்ச்சு முட்ச்சதும் சாம்பார் ஊத்தலாம் போல."

மற்ற மூவரும் சிரித்தார்கள். ஒருவன், "பொண்ணு வேற," என்றான்.

எழுந்தேன். சொற்கள் அணிவகுத்து நின்றன: கருவியை இகழ்பவன் கைவினையை இகழ்கிறான், பெண்ணை இகழ்பவன் பெற்றவளை இகழ்கிறான், அதற்கு மேலும் ஏழு. வாய் திறந்தேன்.

"அம்மா, உக்காரு," என்றாள் கயல். கம்பியைச் செருகிக்கொண்டே, தலை நிமிராமல்.

உட்கார்ந்தேன்.

நான் அதுவரை அவள் முரசை வெளியில் கேட்டதில்லை. அறைச் சுவர் அதிர்ந்தது. ஒரு பாட்டு, இன்னொன்று, பிறகு அவர்களே மூன்றாவது கேட்டார்கள். தலைவர் கையில் தாளக்கட்டை வைத்துத் தட்டி நடை காட்டினார். வேண்டுமென்றே நடுவில் விரைவை மாற்றிப் பார்த்தார், அவள் பிசகவில்லை; கட்டையைக் கீழே வைத்துவிட்டார். இடது குண்டான் ஒருமுறையும் இரட்டிக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும், "வெள்ளிக்கிழம கும்மிடிப்பூண்டில கல்யாணம். வந்துடும்மா. குண்டானுங்கள துணி போட்டு மறச்சிடு."

மறைக்க வேண்டுமாம். அவருடைய ஒலிபெருக்கியைத்தான் மறைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் கயல் சாக்கைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே குந்திச் சிரித்தாள். நாளையே கொட்டகையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவாளாம். கொஞ்சம் பொறு, இரண்டு கச்சேரி ஆகட்டும் என்றேன். கேட்கமாட்டாள்.

சொல்லாமல் விட்ட உரை நெஞ்சில் கல்லாக. பேருந்தில் நடத்துநர் குண்டான் சாக்கைக் காலால் தள்ளி, "இன்னாமா, கேட்டரிங்கா? லக்கேஜ் போடணும்," என்றார்.

முழுவதையும் அவர் மீது இறக்கினேன். கருவி, கைவினை, பெண், பெற்றவள், அந்த ஏழும். பழவேற்காடு வரை. கைத்தட்டியவர் இருவர்.